மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தேடுவது ஒரு சுழற்சியில் முடிகிற வேலைதானா?

கேள்வி: மூதூரிலிருந்து ஓர் உயர்தர மாணவர், ஜனவரி 18

ரீச்சர், பாடத்திட்டத்தில் இதைவிட இலகுவான பகுதி வேறு இல்லை என்று நினைக்கிறேன். உச்சம் என்ற மாறிக்கு 0 கொடுத்து, பட்டியலை ஒருமுறை சுற்றி வந்து, பெரியதைக் கண்டால் மாற்றிக்கொண்டே போனால் விடை வந்துவிடும். மிகச் சிறியதான இழிவுப் பெறுமானத்துக்கும் அதே வழி. அதுவும் வேண்டாம் என்றால் வரிசைப்படுத்தி முதலாவதையும் கடைசியையும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஏன் இரண்டு வகுப்புகள்?

ஜனவரி 18, இரவு

முதலில் அந்த 0 ஐ எடுத்துவிடுங்கள் தம்பி.

நிலாவெளியில் என் மாமியார் வீட்டுக் கிணற்றை என் கணவர் ஒரு வருடம் அளந்து எழுதினார். கச்சான் காற்று தொடங்கிய பிறகு தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்காக. நிலமட்டம் 0, அதற்குக் கீழே எதிர்க்குறி: -2.1, -2.8, -3.4 என்று போகிறது. உங்கள் செய்நிரல் இதுதானே:

உச்சம் = 0
பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும்:
    எண் > உச்சம் எனில் உச்சம் = எண்

இதற்குள் அந்தக் கிணற்றைப் போட்டால் உச்சம் 0 என்று விடை வரும். ஆடி மாதத்து நிலாவெளியில் கிணறு நிலமட்டம்வரை நிரம்பி நின்றது என்று பொருள். பட்டியலில் எந்த இடத்திலும் இல்லாத எண் விடையாக வருகிறது. மழை எதிர்க்குறியில் வராது என்பதால் மழைத்தரவுக்கு உங்கள் முறை சரியான விடையே தரும். அதனால்தான் பிழை பல மாதங்கள் கண்ணில் படாமல் கிடக்கும். இழிவுக்கு 0 இல் தொடங்கினால் இன்னும் மோசம். திருகோணமலையின் வெப்பநிலைத் தரவைக் கொடுத்தால் மிகக் குறைந்த வெப்பநிலை 0 பாகை என்று சொல்லிவிடும்.

பட்டியலின் முதல் உறுப்பையே தொடக்கப் பெறுமானமாக வையுங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால் முதல் உறுப்பே கிடையாது, அதைத் தனியாகக் கவனியுங்கள். பைதன் என்ற செய்நிரல் மொழியில் உச்சத்தைத் தரும் மாக்ஸ் சார்பு வெற்றுப் பட்டியலைக் கண்டால் வழுச் செய்தி தந்து நின்றுவிடும். அது நல்லது. எண்களே இல்லாத இடத்தில் உச்சம் எது என்ற கேள்விக்கு விடை கிடையாது.

ஜனவரி 19

வரிசைப்படுத்துவது பற்றி. விடை சரியாக வரும், வேலை கூடுதல். பத்தாயிரம் எண்களில் மிகப் பெரியதைக் காண 9,999 ஒப்பீடுகள் போதும். வரிசைப்படுத்த இலட்சத்துக்கும் மேல் வேண்டும். ஆனாலும் நேரம் எனக்குப் பெரிய விடயமில்லை. இன்றைய கணினிக்குப் பத்தாயிரம் வரிகள் ஒரு பொருட்டே அல்ல. என் ஆட்சேபம் வேறு. விரிதாளில் மழை நிரலை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்தும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எண்கள் நகர்கின்றன, பக்கத்து நிரலிலுள்ள திகதிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. கோப்பைச் சேமித்துவிட்டால் எந்த மழை எந்த நாளுக்கு உரியது என்பது போய்விட்டது.

ஜனவரி 21

இன்று வகுப்பில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

என் அப்பா தம்பலகாமத்தில் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து 1976 இலிருந்து 2012 வரை தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து கொப்பியில் எழுதியவர். வயல் வேலைக்கு உதவும் என்று தொடங்கினார், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அந்தக் கொப்பிகளைச் சென்ற ஆண்டு மாணவர்கள் பகிர்ந்துகொண்டு கணினியில் ஏற்றினார்கள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். உவர்மலை வகுப்பில் இன்று முதன்முறையாக அந்தக் கோப்பைத் திறந்து, அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளில் பெய்த மிகக் கூடிய மழை எவ்வளவு என்று கேட்டோம்.

திரையில் வந்த விடை: தூறல்.

பிள்ளைகள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. பின்வரிசையில் ஒருவன் "ரீச்சர், அப்படியென்றால் கன மழையில் கந்தளாய்க் குளம் பறந்திருக்குமே" என்றான்.

காரணம் இதுதான். குவளையில் அளக்க முடியாத அளவுக்குச் சிறிதாகப் பெய்த நாட்களில் அப்பா எண் எழுதமாட்டார், "தூறல்" என்று எழுதுவார். கோப்பிலிருந்து வாசித்தபோது எல்லாமே எழுத்துச்சரங்களாக, அதாவது எண்களாக அல்லாமல் வெறும் எழுத்து வரிசைகளாக வந்தன. சரங்களைக் கணினி எழுத்து எழுத்தாக, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஒருங்குறி எண்ணைக் கொண்டு ஒப்பிடும். 9 என்ற இலக்கத்தின் எண் 57. "த" வின் எண் 2980. ஆகவே தூறலுக்கு முன்னால் எந்த மழையும் நிற்க முடியாது.

இழிவைக் கேட்டால் திரையில் எதுவுமே தெரியவில்லை. அப்பா வீட்டில் இல்லாத நாட்களின் வெற்றுக் கட்டம் அது. சரங்களில் வெற்றுச்சரமே எல்லாவற்றிலும் சிறியது.

ஜனவரி 21, சற்றுப் பின்னர்

தூறலை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினோம். 98.4 வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஒரு கணம் நம்பினேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்திதான் "நான் ஏற்றிய வருடத்தில் நூறுக்கு மேலேயே இருக்கிறதே" என்றாள். இன்னும் சரங்களாகவேதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். 9 இல் தொடங்கும் சரம் 1 இல் தொடங்குவதைவிடப் பெரியது, அவ்வளவுதான். தூறல் என்ற விடையைவிட 98.4 என்ற விடைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அது மழை போலவே இருந்தது.

எண்ணாக மாற்றிய பிறகு வந்தது 214.6 மில்லிமீற்றர். தரவு கைக்கு வந்தவுடன் எண்ணாக மாற்றிவிடுங்கள், சரத்தை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஜனவரி 22

"தூறலை 0 ஆக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டுத்தொகைக்கு 0 ஆக எடுக்கலாம், வானிலை நிலையங்களும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் மழையே இல்லாத நாட்களை எண்ணும்போது தூறல் நாள் வேறு, வறண்ட நாள் வேறு. பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு அந்தச் சொல்லை அங்கே எழுதிவையுங்கள்.

வெற்றுக் கட்டத்தை மட்டும் ஒருபோதும் 0 ஆக்காதீர்கள். அளக்காத நாள் மழை பெய்யாத நாள் அல்ல.

ஜனவரி 24

வெற்றுக் கட்டங்களை எண்ணாக மாற்றும்போது "எண் அல்ல" என்ற ஒரு விசேடப் பெறுமானம் வருகிறது. NaN என்ற அதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் "நான்". வகுப்பில் இதைச் சொன்னதும் ஒருவன் கேட்டான்: "ரீச்சர், நான் உள்ளே புகுந்தால் பெரியவர் யார், சிறியவர் யார் என்று தெரியாமல் போய்விடுமா?" தெரியாமல்தான் போகும். அவன் விளையாட்டாகக் கேட்டது அப்படியே உண்மை.

இந்த நான் எதனோடு ஒப்பிட்டாலும் "இல்லை" என்றே சொல்லும். 3 ஐவிடப் பெரியதா? இல்லை. சிறியதா? இல்லை. தனக்குத்தானே சமமா? அதுவும் இல்லை. பைதனின் மாக்ஸுக்கு (நான், 3, 5) என்று கொடுத்தால் நான் வரும். முதலில் உட்கார்ந்துவிட்டது, 3 உம் 5 உம் அதை எழுப்ப முடியாது. (3, நான், 5) என்று கொடுத்தால் சரியாக 5 வரும். அதே மூன்று உறுப்புகள், வரிசை மட்டும் வேறு. மாலை முழுவதும் இதைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டினேன்.

பைதனோடு பயன்படுத்தும் நம்பை, பாண்டாஸ் என்ற இரண்டு செய்நிரல் தொகுப்புகளில், நம்பையின் சாதாரண உச்சச் சார்பு, ஒரேயொரு நான் இருந்தாலும் விடையை நான் என்று தரும். பாண்டாஸ் சொல்லாமலே விட்டுவிட்டுக் கணக்கிடும். எனக்கு நம்பையின் போக்கே பிடிக்கும். ஓட்டை இருப்பதை அது மறைப்பதில்லை.

ஜனவரி 25

கொஞ்சம் கணக்கு. உச்சம், இழிவு இரண்டும் வேண்டும், பத்தாயிரம் எண்கள். தனித்தனியே தேடினால் 9,999 இன் இருமடங்கு, 19,998 ஒப்பீடுகள். இதைக் குறைக்கலாம். எண்களை இரண்டிரண்டாக எடுங்கள். சோடிக்குள் முதலில் ஒப்பிடுங்கள். அதில் பெரியதை மட்டும் உச்சத்தோடும் சிறியதை மட்டும் இழிவோடும் ஒப்பிடுங்கள். இரண்டு எண்ணுக்கு நான்குக்குப் பதில் மூன்று ஒப்பீடுகள். மொத்தம் 14,998. இதைவிடக் குறைக்கவே முடியாது என்று கணினி அறிஞர் ஐரா போல் 1972 இல் நிறுவிவிட்டார். தோற்றவன் உச்சமாக முடியாது, வென்றவன் இழிவாக முடியாது என்ற ஒரே எண்ணத்திலிருந்து வரும் சேமிப்பு இது. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய அழகு.

ஜனவரி 26

நேற்றைய குறிப்புக்குத் திருத்தம். சோடி முறையைப் பைதனில் எழுதி அப்பாவின் மழைத்தரவில் ஓட்டிப் பார்த்தேன். மாக்ஸ், இழிவைத் தரும் மின் என்ற இரண்டு சார்புகளையும் தனித்தனியே அழைப்பதைவிட அதற்குக் கூடுதல் நேரம் எடுத்தது. உள்ளமைந்த சார்புகள் சி மொழியில் எழுதப்பட்டவை; நாம் பைதனில் எழுதும் சுழற்சி ஒவ்வோர் அடியாக விளங்கப்படுத்தப்பட்டு நடக்கிறது. ஒப்பீடுகள் குறைந்தன, நேரம் குறையவில்லை. பரீட்சையில் சோடி முறையை எழுதுங்கள், வேலையில் உள்ளமைந்ததைப் பயன்படுத்துங்கள். அழகு என்று நேற்றுச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு

தம்பலகாமம் போய் வந்தேன். 214.6 என்ற எண்ணை அப்பாவின் கையெழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்றே போனேன்.

கொப்பி பழுப்பேறிவிட்டது. அந்தப் பக்கத்தில் எண் தெளிவாக இருக்கிறது, மாணவன் சரியாகவே ஏற்றியிருக்கிறான். ஆனால் அதற்கு மேலே இரண்டு வரிகள் வெறுமையாக இருக்கின்றன. வெறுமையான இரண்டையும் எண் எழுதிய வரியையும் சேர்த்து இடப்பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு நீண்ட அடைப்பு. அதற்குப் பக்கத்தில் மிகச் சிறிதாக "3 நாள்".

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பக்கத்தைக் காட்டியதும் உடனே சொன்னார்: "மட்டக்களப்பில் சித்தியின் மகளுக்குக் கலியாணம் பிள்ளை. மழையில் பாதை மூடி இரண்டு நாள் பிந்தி வந்தேன். போத்தல் நிரம்பி வெளித்தகரத்துக்குள் வழிந்து கிடந்தது. அதையும் சேர்த்து ஊற்றி அளந்தேன்."

ஒரு நாள் மழை அல்ல, மூன்று நாட்களின் சேமிப்பு. மழைமானிக்கு நாள் தெரியாது. யாரும் வந்து ஊற்றும்வரை சேர்த்துக்கொண்டே இருக்கும். பென்சில் கோடு கணினிக்குள் ஏறவில்லை. ஏற்றிய பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எண்களை ஏற்று என்றுதான் நான் சொல்லியிருந்தேன். பென்சிலில் இருப்பதையும் ஏற்று என்று சொல்லாதது என் தவறு. வகுப்பில் பத்து நாட்களாக நான் சொல்லிவந்த 214.6 ஐ இங்கேயே வாபஸ் வாங்குகிறேன்.

இனிமேல் உச்சம் கேட்டால் எண்ணை மட்டும் காட்டும் செய்நிரலை நான் ஏற்கமாட்டேன். உச்சம் இருக்கும் வரி முழுவதும் வேண்டும். அதற்கு முன்னுள்ள இரண்டு வரிகளும் பின்னுள்ள இரண்டு வரிகளும் சேர்ந்து வேண்டும். சுட்டெண்ணை, அதாவது உச்சம் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் அது ஒரே அடி வேலை. அன்றே அப்படி எழுதியிருந்தால் வெற்றுக் கட்டங்கள் இரண்டும் அந்த எண்ணின் தலைக்கு மேலேயே தெரிந்திருக்கும்.

பெப்ரவரி 2

நேற்றிலிருந்து லிபியாவின் அல் அசீசியா நினைவில் சுற்றுகிறது. 1922 செப்டெம்பர் 13 இல் அங்கே 58 பாகை செல்சியஸ் பதிவானது. பூமியின் மிகக் கூடிய வெப்பநிலை என்று தொண்ணூறு ஆண்டுகள் புத்தகங்களில் இருந்தது. உலக வானிலை அமைப்பு 2012 இல் அதை நீக்கியது. அன்று அளந்தவர் அனுபவமில்லாத புதியவர், கருவியின் குறிகாட்டியைத் தவறான முனையில் வாசித்திருக்கலாம் என்பது ஆய்வின் முடிவுகளில் ஒன்று. இப்போது முதலிடம் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்கு, 1913 ஜூலை 10, 56.7 பாகை.

அந்தக் கருவியே நம் பாடம்தான். ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1780 இல் செய்த உச்ச இழிவு வெப்பமானி. வளைந்த குழாய்க்குள் இரசம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய இரும்புக் குறிகாட்டி. வெப்பம் ஏறினால் இரசம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும், இறங்கும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வரும். மற்றப் பக்கத்தில் குளிருக்கு அதே கதை. "எண் > உச்சம் எனில் உச்சம் = எண்" என்பதைக் கண்ணாடிக் குழாய்க்குள் இரசம் செய்கிறது, இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில். அளந்து முடிந்ததும் காந்தத்தால் குறிகாட்டிகளை இழுத்து மீண்டும் இரசத்தோடு சேர்த்துவிட வேண்டும். தொடக்கப் பெறுமானத்தைப் 0 இல் வைக்காதே, கையிலிருக்கும் பெறுமானத்தில் வை என்று நான் ஜனவரி 18 இல் சொன்னதும் இதுதான்.

பெப்ரவரி 3

ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியென்றால் நம்ப முடியாத உச்சங்களையும் இழிவுகளையும் தொடக்கத்திலேயே வடிகட்டி நீக்கிவிடலாமே ரீச்சர்."

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் படை மெலிவதை 1985 இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரித்தானிய ஆய்வாளர்கள். ஹாலி விரிகுடாவில் தரையிலிருந்து பழைய கருவியால் ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள். அதே காலத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றும் மேலிருந்து அளந்துகொண்டுதான் இருந்தது. ஓசோனின் அளவைச் சொல்லும் டொப்சன் அலகில் 180 க்குக் கீழே வந்த அளவுகளுக்குச் சந்தேகக் குறி இட்டுவிடும்படி அதன் தரவுச் செய்நிரல் எழுதப்பட்டிருந்தது. அவ்வளவு குறைந்த ஓசோனை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. கண்டிராத இழிவு உண்மையாகவே அங்கே இருந்தது.

அல் அசீசியாவில் பொய்யான உச்சத்தை நம்பினார்கள். அந்தாட்டிக்காவில் உண்மையான இழிவு சந்தேகப் பட்டியலில் கிடந்தது. குறியிடுங்கள், போய்ப் பாருங்கள், அழிக்காதீர்கள். 214.6 இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பக்கத்து நிரலில் "3 நாள்" என்று எழுதியிருக்கிறேன்.

பெப்ரவரி 6

முதலாவது விலகியதும் இரண்டாவது யார் என்ற கேள்வி வந்தது. 187.2 மில்லிமீற்றர். வரியைப் பார்த்தேன், முன்னும் பின்னும் ஒழுங்காக அளந்த நாட்கள். இதுதான் உச்சம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

இரண்டாவதைக் காண இன்னொரு முழுச் சுற்று வேண்டியதில்லை. எண்களை இரண்டிரண்டாக மோதவிட்டு வென்றவர்களை அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள், நம் ஊர்க் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி போல. இறுதியில் வென்றவரிடம் நேரடியாகத் தோற்றவர்களுக்குள்தான் இரண்டாமவர் இருக்க முடியும். பத்தாயிரம் எண்களில் அப்படித் தோற்றவர்கள் அதிகம் போனால் பதினான்கு பேர். ஆகவே 10,012 ஒப்பீடுகளில் முதலிருவரும் கிடைப்பார்கள். இறுதிப் போட்டியில் தோற்றவருக்கு இரண்டாம் பரிசு கொடுப்பது நியாயமல்ல என்று அலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1883 இல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி எழுதினார். முதல் சுற்றிலேயே வெற்றியாளரிடம் அகப்பட்டு வெளியேறியவர் உண்மையில் இரண்டாமவராக இருக்கலாம். சாம்பல்தீவு மைதானத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் இதே வாக்குவாதம் நடக்கும்.

பெப்ரவரி 8

கன்னியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒரு வெப்பமானி. எது மிகச் சூடானது? இரண்டு கிணறுகள் ஒரே எண்ணைக் காட்டின. பைதனின் மாக்ஸ் சமமாக இருப்பவற்றில் முதலில் கண்டதையே எடுக்கும். ஒரு குழு வாசல் பக்கத்திலிருந்து அளந்தது, மற்றக் குழு எதிர்ப்பக்கத்திலிருந்து. இரு குழுக்களும் வெவ்வேறு கிணறுகளின் பெயரோடு வந்து சண்டை பிடித்தார்கள். உச்சத்துக்குச் சமமான எல்லா வரிகளையும் எடுங்கள் என்று தீர்த்துவைத்தேன்.

பெப்ரவரி 11

ஒவ்வோர் ஆண்டின் உச்சத்தையும் ஒரு பட்டியலாகப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துக் கந்தளாயிலிருந்து வயல் செய்யும் ஓர் ஐயா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "தங்கச்சி, நீங்கள் போட்ட ஆண்டுவாரிப் பட்டியலில் முதல் ஐந்து வருடமும் மிகக் கூடிய நாள் மழை 8 மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. அந்த வருடங்களில் நான் பெரும்போகம் விதைத்தவன். எட்டு மில்லிமீற்றரில் வயல் நனையாது. ஐப்பசியிலிருந்து தைவரை முழங்காலளவு தண்ணீரில் நின்றிருக்கிறோம்."

மூன்று முறை வாசித்தேன். அவர் சொன்ன பிறகு அந்த ஐந்து எண்களும் வெளிச்சம் போட்டது போலத் தெரிகின்றன. மொத்த உச்சத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவரை அவை எங்கேயோ கீழே கிடந்தன. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனி உச்சம் எடுத்தபடியால்தான் அவர் கண்ணில் பட்டன.

அங்குலம். முதல் இரண்டு கொப்பிகளும் அங்குலம்!

பெப்ரவரி 12

அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஓம், பழைய குவளை அங்குலக் குவளை. அது உடைந்த பிறகுதான் மில்லிமீற்றர்க் குவளை வாங்கினேன்" என்றார்.

இங்கே ஜனவரி 21 இல் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். எண்ணாக மாற்றியதும் சரத்தை வைத்துக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். தவறு. மாணவர்கள் ஏற்றிய மூலக் கோப்பைத் திறந்தேன். முதல் ஐந்து ஆண்டுகளிலும் ஒவ்வோர் அளவுக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள்: 0.30, 1.45, 2.10. அதன் பிறகு எல்லாம் ஓரிலக்கம். அலகு மாறிய நாள் அந்தப் புள்ளிக்குப் பின்னால் அச்சொட்டாகத் தெரிகிறது. எண்ணாக மாற்றியபோது 0.30 வெறும் 0.3 ஆகிவிட்டது, தடயம் போய்விட்டது. மூலச் சரத்தை ஒரு நிரலில் அப்படியே விட்டுவிட்டு, எண்ணைப் பக்கத்தில் புதிய நிரலாகப் போடுங்கள்.

அந்த ஐந்து ஆண்டுகளையும் 25.4 ஆல் பெருக்கி மீண்டும் உச்சம் கேட்டேன். இரண்டாவது கொப்பியில் ஒரு மார்கழி நாள், 7.62 அங்குலம், 193.5 மில்லிமீற்றர். 187.2 இரண்டாமிடத்துக்குப் போகிறது.

பெப்ரவரி 13

எழுதியவர்கள் எல்லோரும் "1978 சூறாவளி நாள்தானே" என்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கை வைத்தேன். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23. அப்பாவின் கொப்பியில் அந்த நாள் உச்சமல்ல. இது வேறொரு மார்கழி. ஊர் மறக்காத நாள்தான் உச்சமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தேடப் போயிருந்தால் அதைத்தான் கண்டிருப்பேன்.

திகதியிலும் ஒரு சிக்கல் உண்டு. காலை எட்டரைக்கு அளந்து அன்றைய திகதியில் அப்பா எழுதுவார். தண்ணீரில் பெரும்பகுதி முதல் நாள் பகலிலும் இரவிலும் பெய்தது. வேறு இடத்துத் தரவோடு ஒப்பிட்டால் ஒரு நாள் முன்னே பின்னே நிற்கும்.

பெப்ரவரி 15, ஞாயிறு

மீண்டும் தம்பலகாமம். இம்முறை பென்சிலைத் தேடிக்கொண்டே போனேன்.

7.62 க்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு நிமிர்ந்த கோடுகளும் குறுக்கே ஒரு கோடுமாக ஒரு கட்டு. அப்படி மூன்று கட்டுகள். அதற்குக் கீழே .12.

பழைய குவளை ஒரு தடவைக்கு அரை அங்குலம்தான் கொள்ளும். ஒவ்வொரு குவளைக்கும் ஒரு கோடு இழுத்திருக்கிறார். பதினைந்து குவளைகள் ஏழரை அங்குலம், மிச்சம் .12, மொத்தம் 7.62. மூன்றாவது கட்டின் கடைசிக் கோட்டில் ஈரம் பட்டுப் பென்சில் பரவியிருக்கிறது. மழைக்குள் நின்றே எழுதியிருக்கிறார். "இரவு பத்து மணிக்கு ஒருமுறை ஊற்றினேன், விட்டிருந்தால் வழிந்திருக்கும், மிச்சத்தைக் காலையில் அளந்தேன்" என்கிறார். அம்மா குடை பிடித்தாராம். இந்த எண்ணை நான் நம்புகிறேன்.

பெப்ரவரி 16

இழிவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று மூதூர்த் தம்பி மீண்டும் கேட்டிருக்கிறார். நாள் மழையின் இழிவு 0. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் 0. இங்கே அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. வயலுக்கு வேண்டியது தொடர்ச்சியாக எத்தனை நாள் மழை இல்லாமல் போனது என்பது. அதற்கும் உச்சம்தான் தேட வேண்டும்: வறண்ட நாளானால் எண்ணியில் 1 கூட்டு, மழை வந்தால் 0 ஆக்கு, எண்ணி எட்டிய உச்சத்தை வைத்துக்கொள். இந்த எண்ணி மட்டும் 0 இல் தொடங்கலாம் தம்பி, ஏனென்றால் நாட்களின் எண்ணிக்கை 0 க்குக் கீழே போகாது.

வெற்றுக் கட்டம் வந்தால் எண்ணியை என்ன செய்வது? கூட்டக்கூடாது, 0 ஆக்கவும் கூடாது. அந்த ஓட்டத்தை "தெரியாது" என்று முடித்துவிடுங்கள்.

இந்தத் தரவில் மிக நீண்ட வெற்றிடம் 1990 ஜூனில் தொடங்குகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வர ஆண்டுகள் ஆயின. மழைமானி முற்றத்திலேயே நின்றது, திரும்பியபோது அதற்குள் காய்ந்த இலையும் சேறும்தான். அயல் நிலையங்களின் சராசரியைப் போட்டு நிரப்பலாம் என்று ஒரு மாணவி சொன்னாள், அதற்கு முறைகள் உண்டு. அப்பா வேண்டாம் என்றார். "நான் அளக்கவில்லை, அப்படியே விடு." விட்டிருக்கிறேன். அதனால் செய்நிரலின் விடை வரியை மாற்றினேன். இப்போது அது "அளந்த நாட்களுள் மிகக் கூடியது 193.5" என்று அச்சிடுகிறது, கீழே அளக்காத நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்து.

பெப்ரவரி 17

ஆண்டுவாரி உச்சங்கள் எல்லாவற்றையும் கொப்பியோடு சரிபார்க்க வேண்டும், ஓரத்துப் பென்சில் குறிகள் உட்பட. ஆளுக்கு இரண்டு வருடம். மூதூர்த் தம்பிக்கு 1983 உம் 1984 உம். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தம்பலகாமம் சந்தியில் இறங்குங்கள், எட்டரைக்கு அப்பா முற்றத்தில் நிற்பார். மில்லிமீற்றர்க் குவளை இன்னும் இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்க்கலாம். பென்சில் கொண்டு வாருங்கள், கொப்பியில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.